பதினெட்டாயிரம் ரூவா பிரேக்

என்னது, பதினெட்டாயிரமா? ரெண்டே ரெண்டு நாளு பைக்கு ஓட்டச் சொல்லிக் குடுக்கறதுக்கா? சாப்பாடு உண்டா அதுல? மத்தியானம் மட்டுந்தானா. சரி சரி, சும்மா கேட்டேன். வண்டிய அந்தப் பக்கமா நிறுத்துங்க, இந்தப் பக்கம் நெல்லு காயுது. நீங்க நெல்லு மேல ஏத்தாம எறங்கித் தள்ளிக்கிட்டு வந்தீங்க பாருங்க, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இந்த ரோட்டுல அப்படி வர்றவங்க கொறச்சல். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. பதினெட்டாயிரம் வாங்கிக்கிட்டு, எறங்கித் தள்ளிட்டுப் போங்கன்னுதான் சொல்லிக் குடுக்கறீங்களா?

இல்லம்மா, கேலி பண்ணல. சரி, கொஞ்சம் பண்ணறேன். கோயம்புத்தூர்லேர்ந்து இவ்ளோ தூரம், பொம்பளப் புள்ள, அவ்ளோ பெரிய வண்டிய ஒத்தையில ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. அதுக்கே உங்களக் கும்பிடணும். வந்த காரணத்த நெனச்சாத்தான் சிரிப்பு வருது. உங்ககிட்ட படிச்ச ரெமிஜியஸு, பிரேக்கு பிடிக்கறதுக்குன்னே ரெண்டு நாளு படிச்சவரு, சர்டிபிகேட்டு வாங்குனவரு, போன மாசம் இதோ இந்த மதகுக்கு நேரா விழுந்து காலை ஒடச்சுக்கிட்டாரு. எங்கயும் போயி ஒண்ணும் படிக்காம முப்பது வருசமா ஓட்டற நான் முழுசா நிக்கறேன். நீங்க டீச்சரு, நீங்களே சொல்லுங்க, பரிச்சையில யாரு பாஸு?

எனக்குச் சொல்லிக் குடுத்தது இதோ பக்கத்துக் குத்தாலத்துல சைக்கிள் கடை வச்சிருந்த பக்கீர் முகம்மது. ஒரு டீ, ரெண்டு பட்டர் பிஸ்கட்டு, அதான் ஃபீஸு. ஆக்சிலேட்டர முறுக்குனா போவும், பயமா இருந்தா விட்டுரு, நின்னுரும்னாரு. கோர்ஸு முடிஞ்சு போச்சு. அதுலேர்ந்து ஒரு எக்செல் மொபெட்டுதான். முன்னாடி யூரியா மூட்டை, பின்னாடி என் சம்சாரம் தங்கமணி, அவ மடியில ஒரு சேவல், ஹேண்டில் பாருல ரெண்டு பக்கமும் டீசல் கேனு. பிரேக்கு? இருந்துச்சு. வாங்குனப்ப இருந்துச்சு. நான் மாத்தல. இப்ப செருப்பத் தேய்ச்சுத்தான் நிறுத்தறது, மூணு மாசத்துக்கு ஒரு சோடி ஆவுது. உங்க ஃபீஸுக்கு எத்தன சோடி வருதுன்னு பாத்தா என் ஆயுசுக்கும் போட்டாலும் தீராது.

அப்படி என்னதான் சொல்லிக் குடுப்பீங்க, சொல்லுங்க கேப்போம். ஆரஞ்சு கலரு கூம்பு வச்சு, அதுங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓட்டணும். ம். அந்தக் கூம்பு நவுருமா? நவுராது. அப்ப எங்க ஊருக்கு ஒத்து வராது டீச்சர். அறுப்பு முடிஞ்ச வயலுக்கு வாத்து மேய்க்க வருவாங்க, தெரியுமா? ஒரு மந்தைக்கு ஆயிரம் வாத்து. அந்தத் தரிசுலேர்ந்து இந்தத் தரிசுக்கு ரோட்டத் தாண்டும். பாதி தாண்டுனதும் தலைமை வாத்துக்கு என்ன தோணுமோ, திரும்பிடும். ஆயிரமும் திரும்பும். ஹாரன் அடிச்சா உங்களப் பாத்து நிக்கும். இது போதாதுன்னு அறுப்பு மெஷினு ரோட்ட அடைச்சுக்கிட்டு வரும், வைக்கோல் டிராக்டர் வரும், அதுக்குப் பின்னாடி திருக்கடையூர்ல அறுவதாங் கல்யாணம் முடிச்சிட்டு மாலையும் கழுத்துமா ஒரு ஜோடிய ஏத்திக்கிட்டு ஒரு வேனு, அவனுக்கு மட்டும் என்ன அவசரமோ, எல்லாத்தையும் தாண்டிக்கிட்டு நேரா நம்ம மூஞ்சிக்கு வருவான். இதுக்கு எந்தக் கூம்பு வைப்பீங்க?

அப்பறம்? எங்க பாக்கறமோ அங்கதான் வண்டி போவும். அதனால போவ வேண்டிய எடத்த மட்டும் பாரு, மோதப் போற பொருளப் பாக்காத. இதுக்குமா காசு? ஆனா, இருங்க, இது சரியாத்தான் இருக்கும் போல. எங்க மதிவாணன் இருக்கான், எனக்கு அடுத்த வயக்காரன். எப்பவும் அடுத்தவன் வயலையே பாத்துக்கிட்டு ஓட்டுவான். ரெண்டு தரம் எறங்கியிருக்கான், வண்டியோட. ரெண்டு தரமும் என் வயலு.

அந்தக் கோட்டக் கழட்டிட்டு உக்காருங்க, வேர்த்து ஊத்துது பாருங்க. என்ன கனம் இது. தோளுக்கு ஓடு, முட்டிக்கு ஓடு, முதுகுக்கு ஓடு. அந்த ரெமிஜியஸ் தம்பியும் இதே மாதிரிதான் போட்டிருந்தாரு. டீக்கடையில ஒருத்தன் சொன்னான், இத்தன ஓடு போட்டும் ஒடஞ்சது ஓடு இல்லாத எடமாப் பாத்துத்தாண்டான்னு. எல்லாரும் சிரிச்சானுங்க. நானுந்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போலீஸு எழுதியிருக்கறது எனக்கும் தெரியும். அதிவேகமாவும் அஜாக்கிரதையாவும் ஓட்டி வந்து தானே விழுந்தாருன்னு. வழக்கமா எழுதறதுதான் அது. ஒரு கேசு, ஒரு ஃபைனு, கட்டிட்டுப் போவ வேண்டியதுதானேன்னு நெனச்சேன். நீங்க சொல்லித்தான் தெரியுது, அந்தத் தம்பி நர்ஸு வேலைக்கு ஜெர்மனி போவணும், தை மாசம் அங்க இருந்தாவணும், கேசு இருக்கற வரைக்கும் போலீஸு நன்னடத்தை சர்டிபிகேட்டு குடுக்கமாட்டான், அது இல்லாம விசா கெடையாதுன்னு. ரெண்டு வருசம் அந்த பாஷையப் படிச்சாரா. ம். அது எனக்குத் தெரியாது. காலு தைக்குள்ள கூடிடும்ல? கூடிடுமா. சர்டிபிகேட்டு மட்டுந்தான் பாக்கியா.

அதான் நீங்க ஆளத் தேடிக்கிட்டு வந்திருக்கீங்க. ரோட்டுல கல்லு கெடந்துச்சு, கல்லுல ஏறித்தான் விழுந்தேன், ஒரு அண்ணன் ஓடி வந்து கல்லையெல்லாம் எடுத்துப் போட்டாரு, அவரக் கண்டுபிடிங்க, அவரு சொன்னாப் போதும்னு தம்பி சொல்றாரு. மூஞ்சி ஞாபகம் இல்லயாமா? எப்படி இருக்கும், வெளக்கு வைக்கற நேரம். எவனாச்சும் வழியில போறவன் எடுத்துப் போட்டிருப்பான் டீச்சர். மயிலாடுதொறை போறவன், கும்பகோணம் போறவன், ஆயிரம் பேரு போறான் வர்றான். அவன எங்க போயித் தேடுவீங்க.

கல்லு யாரு வச்சதுன்னா? இதென்ன கேள்வி. எல்லாரும்தான் வைக்கறாங்க. இப்ப உங்க கண்ணு முன்னாடியே வச்சிருக்கேன், நெல்லுக்கு ஓரமா வரிசையா. கல்லு இல்லன்னா லாரிக்காரன் நெல்லு மேல ஏத்திக்கிட்டுப் போயிருவான். ஏன் ரோட்டுல காய வைக்கறீங்க, களம் இல்லையான்னு எல்லாரும் கேக்கறதுதான், நீங்களும் கேட்டுட்டீங்க. களம் இருக்குது. நல்ல சிமெண்டுக் களம். அதுலதான் கொள்முதல் பண்ணுன மூட்டைய அடுக்கி வச்சிருக்காங்க, லாரி வரணுமாம். குறுவை அறுக்கற நேரத்துல மழையும் சேந்து வரும். ஈரம் பதினேழுக்கு மேல இருந்துச்சுன்னா கொள்முதல் நிலையத்துல மூட்டையத் தொடமாட்டாங்க. ஒரு மெஷின வச்சுப் பாத்துட்டு இருபதுன்னுவாரு, கொண்டு போன்னுவாரு. எங்க கொண்டு போறது? காஞ்ச எடம்னு ஊருக்குள்ள இருக்கறது இந்த ரோடு ஒண்ணுதான். கவருமெண்டே போட்டுக் குடுத்த களம் இது.

அதுலயும் இந்த மதகுலேர்ந்து அந்த மைல்கல்லு வரைக்கும் இருக்குதே, இது தனி. மத்த எடமெல்லாம் புளிய மரம், நெழலு. இங்க மரமே கெடையாது, காலையில ஆறு மணிக்கு விழுற வெயிலு சாயங்காலம் வரைக்கும் நிக்கும். ஒண்ணரை நாள்ல காஞ்சிரும். அதனால இந்த எடத்துக்குப் போட்டி. சாயங்காலம் நெல்ல அள்ளுனாலும் கல்ல எடுக்கமாட்டோம். எடுத்தோம்னா காலையில அஞ்சு மணிக்கு வந்து பாத்தா மதிவாணன் நெல்லு கெடக்கும். கல்லு கெடந்தா இன்னார் எடம்னு அர்த்தம், தொடமாட்டான். பஸ்ஸுல துண்டு போட்டு வைக்கறோம்ல, அதான். இதுல யாரும் கெட்டது நெனச்சுப் பண்றதில்ல டீச்சர். யாருக்கும் தோணறதே இல்ல.

பாதி ரோட்டுல கல்லக் கெடத்திட்டு வீட்டுக்குப் போறீங்களேன்னு நீங்க கேக்கறது நியாயந்தான். ஆனா நானும் ஒண்ணு கேப்பேன். உங்க கோர்ஸுல கல்லு உண்டா? கூம்பு இருக்கு, வழவழப்பா தண்ணி ஊத்தி வச்சு பிரேக்கு பிடிக்கறது இருக்கு, வளைவு இருக்கு. சாயங்கால நேரத்துல, எதுத்தாப்புல பஸ்ஸுக்காரன் ரெண்டு லைட்டையும் கண்ணுல அடிச்சுக்கிட்டு வரும்போது, ரோட்டோட கலர்லயே ஒரு கல்லு கெடந்தா என்ன பண்ணணும்னு இருக்கா? கண்ணு தெரியலன்னா வேகத்தக் கொறச்சு ஓரமாப் போவணுமா. ஓரமாப் போனாத்தான கல்லு இருக்கும். பாத்தீங்களா. நடு ரோட்டுல திமிரா வந்திருந்தா தப்பிச்சிருப்பாரு. அடக்கமா ஓரமா வந்ததாலதான் மாட்டுனாரு. நீங்க சொல்லிக் குடுத்தத அப்படியே பண்ணியிருக்காரு பாவம். படிக்காம இருந்திருந்தா இந்நேரம் ஜெர்மனிக்குப் பொட்டி கட்டிக்கிட்டிருப்பாரு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? பஸ்ஸு வந்தது எனக்கு எப்படித் தெரியும்னா... அந்த நேரத்துக்கு டவுன் பஸ்ஸு வரும். எல்லாருக்கும் தெரியும். தெனம் வர்றதுதான்.

தம்பியோட ஹெல்மெட்டையும் கோட்டையும் எடுத்துக் காட்டறீங்க. ஹெல்மெட்டுல ஒரு கீறல் இல்லதான். கோட்டுலயும் முட்டிக்கிட்ட மட்டும் கொஞ்சம் செராய்ப்பு. வேகமா வந்து விழுந்திருந்தா இருவது அடி இழுத்துக்கிட்டுப் போயிருக்கும், துணி நூலு நூலாக் கிழிஞ்சிருக்கும், இது நின்ன வாக்குல சாஞ்ச வண்டி, கால் மேல வண்டி விழுந்ததால ஒடஞ்சதுன்னு சொல்றீங்க. நீங்க படிச்சவங்க, பாத்ததும் சொல்றீங்க. கேசு எழுதுன ஏட்டுக்கு அது தெரியுமா? அவருக்கு வேற வேல இல்லையா. வந்தாரு, ரோடு சுத்தமா இருந்துச்சு, கல்லும் இல்ல நெல்லும் இல்ல, பெரிய வண்டி, வயசுப் பையன், எழுதிட்டுப் போயிட்டாரு.

உக்காருங்க டீச்சர், ஏன் எந்திரிச்சுட்டீங்க. தண்ணி குடிங்க. வேற ஆளத் தேடிப் போவ வேணாம்.

அந்தத் தம்பி விழுந்ததும் மொத வார்த்தை என்ன சொன்னாரு தெரியுமா உங்களுக்கு? அம்மான்னு கத்தல. காலைப் பாக்கல. காலு இப்படித் திரும்பிக் கெடக்குது, வண்டி மேல கெடக்குது, நான் ஓடிப் போயி வண்டியத் தூக்கறேன். அவரு என் கையப் பிடிச்சுக்கிட்டு, அண்ணே, மொதல்ல கல்லை எடுங்க, பின்னாடி யாராவது வந்துருவாங்கன்னாரு. உங்க காலு தம்பின்னேன். காலு இருக்கட்டும், கல்ல எடுங்க, எடுத்துட்டு என் வண்டி லைட்ட எரிய விடுங்கன்னாரு. அதுவும் உங்க கோர்ஸுல வருதா? விழுந்தா மொத வேல அடுத்தவன் விழாமப் பாத்துக்கறதா. இதையுமா காசு வாங்கிட்டு சொல்லிக் குடுக்கறீங்க. குடுங்க. இதுக்கு வாங்கலாம். இங்க யாரும் இத சும்மாக்கூடச் சொல்லிக் குடுக்கல.

எடுத்தேன். பதினோரு கல்லு. ஒவ்வொண்ணாத் தூக்கி வாய்க்கால்ல போட்டேன், தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு. எண்ணிப் பாக்கல, எத்தனன்னு எனக்குத் தெரியும். நான் வச்ச கல்லுதான். அன்னைக்கு நெல்லு ஒரு நாளு காஞ்சிருந்துச்சு, மறுநாளு அரைப் பொழுது போட்டா ஈரம் பதினேழுக்கு எறங்கிடும். மதிவாணன் டிராக்டர்ல மூட்டையோட தயாரா நிக்கறான். அதனால அள்ளிட்டுக் கல்ல விட்டேன். கடைசி மூட்டையத் தச்சுக்கிட்டு இதோ இந்த எடத்துலதான் உக்காந்திருந்தேன். தூரத்துல ஒத்த லைட்டு வர்றதப் பாத்தேன். எதுத்தாப்புல பஸ்ஸு வர்றதயும் பாத்தேன். கல்லு இருக்குன்னு ஒரு கொரலு குடுத்திருக்கலாம். குடுத்திருந்தா கேட்டிருக்கும், அவ்ளோ மெதுவா வந்தாரு. வாயில சாக்கு தைக்கற ஊசி இருந்துச்சு. அத எடுத்துட்டுக் கத்தணும். எடுக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

ஆம்புலன்ஸு போனப்பறம் ஏட்டு வந்தாரு. ரோட்டப் பாத்தாரு, ஒண்ணும் இல்ல. யாருப்பா இங்க இருந்ததுன்னாரு. நாந்தான்னேன். என்ன வேகத்துல வந்தான்னாரு. அவரு அப்படிக் கேட்டதும் எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. மெதுவா வந்தாருன்னு சொன்னா, அப்பறம் ஏன் விழுந்தான்னு அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு வாய்க்கால்ல பதினோரு கல்லு கெடக்குது. கல்லுன்னா கேசு எம் மேல. குத்தகை நெலம் டீச்சர், கேசுன்னு தெரிஞ்சா நெலத்துக்காரரு அடுத்த போகத்துக்கு வேற ஆளு பாத்துருவாரு. தம்பிக்கு என்ன, படிச்சவரு, சமாளிச்சுக்குவாருன்னு நெனச்சேன். வேகமாத்தான் வந்தாருங்கன்னேன். எம்பது இருக்குமான்னாரு. தொண்ணூறு இருக்கும்னேன். அவரு கேக்காத பத்தையும் சேத்துக் குடுத்தேன்.

அந்தப் பேப்பர்ல என்ன போட்டிருக்கு, சம்பவ எடத்துல இருந்தவங்க சொன்னபடின்னா? கூட்டமெல்லாம் இல்ல. நான் ஒருத்தந்தான்.

ஒரு நாளு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளிய அவங்க அம்மா ஜெபமால உருட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. யாரப் பாக்கணும்னு கேட்டாங்க. வேற ஒரு பேரச் சொல்லிட்டுப் படியிறங்கி வந்துட்டேன். அதுக்கப்பறம்தான் டீக்கடையில அந்தக் கோட்டு ஓட்டப் பத்திச் சிரிச்சது. நல்லாச் சிரிச்சேன். உங்ககிட்டயும் இவ்ளோ நேரம் கோர்ஸு தெண்டம், காசு தெண்டம்னு பேசிக்கிட்டிருந்தேன். அது தெண்டம்னு ஆயிருச்சுன்னா எனக்கு நல்லது, அவ்ளோதான்.

முப்பதுல வந்தாரு. முப்பதுகூட இருக்காது. ஸ்டேசன்ல வந்து அதச் சொல்றேன். வாய்க்கால்ல இப்ப தண்ணி முட்டி அளவுதான், எறங்கிக் கல்லையும் எடுத்துக் காட்டறேன். ஆனா இப்ப வரமாட்டேன். மேக்க பாருங்க, கருக்குது. இந்த நெல்ல அள்ளி மூட்ட கட்ட நாலு மணி ஆவும். அதுவரைக்கும் நீங்க இங்கயே உக்காந்திருங்க. டீ வாங்கியாரச் சொல்றேன். ரூமுக்குப் போயிட்டு வர்றேன், ஃபோன் பண்றேன்னு சொல்லிட்டு மட்டும் கெளம்பிடாதீங்க டீச்சர். நீங்க கெளம்பிட்டீங்கன்னா நான் வரமாட்டேன். என்னைய எனக்குத் தெரியும்.